அமலனின் தோல்

போவன்பள்ளி
8.1.2005

அன்புள்ள சந்தானம்,

நம் சனிக்கிழமை ஆட்டத்தில் வாயால் சொன்ன மந்திரம் செல்லாது, தபாலில் வந்தால்தான் செல்லும் என்பது நீ வைத்த விதி. நானும் மேத்யூவும் போட்ட கத்தலில் உன் மாடிவீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினாரே, அன்றைக்கு வைத்தது. உன் ஆபீஸ் பிள்ளைகள் இப்போது மின்னஞ்சலில் அனுப்புகிறார்களாம். அவர்கள் எப்படி வேண்டுமானாலும் அனுப்பட்டும். எனக்குக் காகிதமும் தபால்தலையும் போதும்.

போன சனிக்கிழமை எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உன் ஆபீஸ் பையன் இர்பான் சிப்ஸ் தின்ற கையோடு என் பகடையை எடுத்து உருட்டினான். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன், இன்னும் மசாலா வாடை போகவில்லை. போதாததற்கு ஒரு கேள்வி வேறு: "அங்கிள், உங்க பிணமந்திரவாதிக்கு எலும்புக்கூட்டை எழுப்பி நடக்கவிடுறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதா?" மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஒன்பது வருஷமாகச் சாம்பலானை ஆடுகிறவன் நான். அவன் பிறக்கும்போது இந்தப் பையன்கள் எட்டாம் வகுப்பு.

ஆகவே புது உருமாற்று மந்திரம் ஒன்று எழுதியிருக்கிறேன்.

பெயர்: பன்றியாக்கம்.
யார் மேல்: மடாலயத்தில் கிடக்கும் அமலனின் உடல் மேல்.
என்னவாக: சாக்கடையில் ஊறிய கிழட்டுப் பன்றியாக. வயிறு உப்பி, தோல் வெந்த மாதிரி சிவந்து, மூக்கிலிருந்து சளி வடிய. கண்கள் மட்டும் மனிதக் கண்களாகவே இருக்கும்.
எவ்வளவு நேரம்: நிரந்தரமாக.
விலை: சாம்பலானின் ஆயுளில் ஒரு வருஷம்.
காரணம்: கூட இருந்தவனைக் காட்டிக்கொடுத்தது.

மேத்யூ அக்டோபரில் செத்ததிலிருந்து அவன் ஆடிய மாவீரனை நீ வெள்ளைத் துணி போர்த்திப் படுக்கவைத்துப் பூஜை செய்யாத குறை. பெயரைப் பார், அமலன். மாசில்லாதவன். அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொள்ள ஒருவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்.

ஜெயசுந்தரிக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
கிதியோன்


மாதாப்பூர்
17.1.2005

அன்பு நண்பன் கிதியோனுக்கு,

நலம். ஜெயசுந்தரிக்கு முட்டிவலி என்று அறிந்து ஜலஜா வருத்தப்பட்டாள், ஏதோ தைலம் சொல்கிறாள், தனியாக எழுதுவாளாம். நான் ஒரு கடிதம் போட வேண்டுமென்றால் தபால்பெட்டியைத் தேடி இங்கே இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடிக் கட்டடம் எத்தனையோ எழுப்பிவிட்டார்கள், ஒரு சிவப்புப் பெட்டி வைக்க இடமில்லை. என்றாலும் உனக்காக நடக்கிறேன்.

மந்திரத்துக்கு வருகிறேன். சாம்பலான் இன்னும் ஐந்தாம் படியில்தான் இருக்கிறான், அவன் நிரந்தர மாற்றம் செய்ய முடியாது. ஒரு நாள் தரலாம். அதைவிடப் பெரிய சிக்கல் காரணம். பிணம் நாம் நினைத்தபடி எதுவாகவும் மாறிவிடாது, உயிரோடிருந்தபோது செய்த காரியத்துக்கு ஒத்த உருவமாகத்தான் மாறும் என்பது நம் விதி. நீயே வாதாடி வாங்கிய விதி அது. ஒன்பது வருஷத்துப் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். அமலன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆட்டத்துக்கு வெளியே நடந்ததை ஆட்டத்துக்குள் காரணமாக எழுத முடியாது.

இன்னொரு செய்தி. மேத்யூவின் பெண் ஷெர்லி வந்திருந்தாள். இங்கேதான் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அப்பாவின் பையில் அமலனின் பாத்திரத் தாள் கிடைத்ததாம், இது என்ன அங்கிள் என்றாள். ஒவ்வொருவரும் ஒரு ஆளாக ஆடுவோம், அந்த ஆளின் பலம், ஆயுதம், காயம் எல்லாம் இந்தத் தாளில் இருக்கும், நான் நடப்பதைச் சொல்வேன், நீங்கள் செய்வதைச் சொல்வீர்கள், முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும் என்றேன். "நான் டாடியை ஆடலாமா?" என்று கேட்டாள். பிப்ரவரி இருபத்தாறாம் தேதி வருகிறாள்.

அமலனை எழுப்ப நம் மேசையில் சாம்பலான் ஒருவனால்தான் முடியும். உன்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்காகப் பன்றியை விட்டுவிடு.

என்றும் அன்புடன்,
சந்தானம்


போவன்பள்ளி
24.1.2005

சந்தானம்,

என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டாய். கேட்காமல் சொல்வது உங்கள் எல்லாருக்கும் கைவந்த கலை.

நீயும் அப்போது அதே ஃபாக்டரியில் கம்ப்யூட்டர் அறையில் இருந்தவன். உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். எழுதுவதற்குக் காரணம், நீ காரணம் கேட்டது. நாச்சாரத்தில் நானும் மேத்யூவும் தரச்சோதனைப் பிரிவு. சனிக்கிழமை ஆட்டம் அமீர்பேட்டையில் உன் வீட்டில் மூன்று மணிக்கு. இரண்டு பஸ் மாற வேண்டும், நான் ஒரு மணிக்கே கிளம்பிவிடுவேன். கிளம்பும்முன் எண்கள் நிரப்பாத சோதனைத் தாள்களில் கையெழுத்துப் போட்டு அவனிடம் கொடுத்துவிடுவேன். வால்வுகளில் தண்ணீர் அழுத்தம் ஏற்றி, கசிகிறதா என்று பார்த்து அவன் எண்களை நிரப்ப வேண்டும். அழுத்தம் ஏற்றாமலே நிரப்பினான். வாங்கிய பட்டான்செருவுக் கம்பெனியில் நீராவிக் குழாயில் ஒரு வால்வு வெடித்து அங்கே ஒரு ஆளுக்குக் கை வெந்தது. விசாரணையில் மேத்யூவைக் கேட்டது ஒரே கேள்வி. இது கிதியோனின் கையெழுத்துதானா? "ஆமாம்" என்றான். எண்களை நிரப்பியது தான்தான் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

என்னை ஸ்டோர்ஸில் போட்டார்கள். இன்னும் அங்கேதான். ரப்பர் வளையங்களை எண்ணி எண்ணிக் கொடுக்கிறேன். கிரீஸ் நாற்றமும் எலிப் புழுக்கையும் சோற்றுப் பாத்திரம் வரை வருகின்றன. வீட்டுக்கு வந்தால் மார்க்கெட் வாசலில் அழுகிக் கிடக்கும் முட்டைக்கோசு. நாள் முழுக்க என் மூக்குக்கு ஓய்வில்லை. அவன் மேனேஜர் ஆனான். அதற்கப்புறம் ஐந்து வருஷம் சனிக்கிழமை தவறாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். சாம்பலானாக இருக்கும்போது மட்டும் நான் அவனோடு பேசினேன். கிதியோனாக ஒரு வார்த்தை பேசியதில்லை. உனக்கும் தெரியும்.

பன்றியை விட்டுவிடுகிறேன், பன்றிக்கு அது அவமானம். திருத்தி எழுதியது இது:

பெயர்: தோலேடு.
என்னவாக: அமலனின் சதையும் எலும்பும் உள்ளேயே உருகிக் கால்வழியாக வடிந்துவிடும். தோல் மட்டும் மிஞ்சும். அது முடியோடும் மருக்களோடும் நான்கு பக்கமும் இழுபட்டு ஒரு தாளாகும். கொப்புளங்கள் வரிவரியாகக் கிளம்பி எழுத்தாகும். யார் எதை எழுதினார்கள் என்று அந்தத் தோலே சொல்லும்.
எவ்வளவு நேரம்: ஒரு நாள். உன் இஷ்டப்படியே.

கிதியோன்


மாதாப்பூர்
3.2.2005

அன்புள்ள கிதியோன்,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டேன். ஜலஜா எடுத்துப் படித்துவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். "உங்க ஃப்ரெண்டு சர்ச்சுக்குப் போறவர்தானே?" என்று கேட்டாள். அந்த அளவுக்கு நன்றாக எழுதியிருக்கிறாய். கொப்புளம் வெடித்துச் சீழ் எழுத்தாவதா, கொப்புளமே எழுத்தா என்பதை மட்டும் தெளிவாக்கு. அதைப் பொறுத்துப் படிக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்பது மாறும்.

நீ மறந்த விதி ஒன்று இருக்கிறது. மாறிய உடல் பேசினால் அதன் பாத்திரத் தாள் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். தாள் இப்போது ஷெர்லியிடம் இருக்கிறது. அவள் அப்பா என்ன செய்தார் என்பதை அவள் வாயாலேயே சொல்லவைக்கப் போகிறாயா? அவளுக்கு எதுவும் தெரியாது கிதியோன். அப்பா நல்ல மனுஷன் என்று மட்டும் தெரியும்.

நல்ல மனுஷனாக இருக்கப் பார்த்தவன்தான் அவன். ஆட்டத்தில் வந்த கண்டாவூர் பாலத்தை நினைத்துப் பார். சாம்பலான் மேல் வர வேண்டிய மூன்று அம்பையும் அமலன் நடுவில் புகுந்து வாங்கிக்கொண்டானே. அன்றைக்கு மேத்யூ என்ன சொன்னான்? அதை ஆட்டம் என்றா நினைத்தாய்? உன்னிடம் நேரில் பேச வழியில்லாத மனுஷன், கிடைத்த வழியில் பேசினான்.

தைலத்தின் பெயரை ஜலஜா பின்பக்கம் எழுதியிருக்கிறாள்.

அன்புடன்,
சந்தானம்


போவன்பள்ளி
11.2.2005

சந்தானம்,

தைலத்துக்கு ஜெயசுந்தரி நன்றி சொல்லச் சொன்னாள். உனக்கு நான் வேறொரு நன்றி சொல்ல வேண்டும்.

பாலத்தை நீ நினைவுபடுத்தியதும் பதிவேட்டின் என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். 14.9.2002. உன் கையெழுத்தில் உன் பதிவு: 'அமலன் மூன்று அம்புகளை ஏற்கிறான். சாம்பலானிடம் சொல்கிறான்: நான் உனக்குச் செய்ததற்கு இது போதாது.' என்ன செய்தான்? பதிவேட்டில் அது இல்லை. எதையோ செய்தான் என்பது இருக்கிறது. ஆட்டத்துக்குள்ளேயே, அவன் வாயாலேயே, உன் கையாலேயே இருக்கிறது. என் மந்திரத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பதிவேட்டில் காரணம் உள்ள மந்திரத்தை ஆட்ட நடத்துநர் மறுக்கலாகாது. விதி உன்னுடையது.

அந்த அம்புகளைப் பற்றி எழுதுகிறாய். தகர முகமூடிக்குள்ளிருந்து ஐந்து வருஷம் மன்னிப்புக் கேட்டவனை என்ன சொல்வது? நாச்சாரம் கேண்டீனில் என் மேசைக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டான். அந்தப் பத்தடியை நடக்கக் கால் வரவில்லை, காகிதத்தில் அம்பு வாங்க மட்டும் வந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. நோகாமல் சிந்திய காகித ரத்தத்துக்கு நான் நெகிழ்ந்துபோக வேண்டுமா?

கொப்புளமேதான் எழுத்து. சீழ் வேண்டாம், ஜலஜாவுக்காக விட்டுக்கொடுக்கிறேன். கூடுதலாக ஒரு வரி: தோலேடு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். எண்களை நிரப்பியது யார்? இந்த ஒரு வாக்கியத்துக்காக ஆறு வருஷமாகக் காத்திருக்கிறேன். சொல்ல வேண்டியவன் செத்துவிட்டான், தாள் யார் கையில் இருந்தால் எனக்கென்ன.

இருபத்தாறாம் தேதி வருகிறேன்.

கிதியோன்


மாதாப்பூர்
19.2.2005

கிதியோன்,

எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இது நான்காவது தாள்.

எண்களை நிரப்பியது மேத்யூ. விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் அமீர்பேட்டை வீட்டுக்கு வந்தான். உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன் என்றான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

சொன்னால் அவனை வேலையைவிட்டே அனுப்பியிருப்பார்கள். ஷெர்லிக்கு அப்போது பதினாறு வயது, இன்டர் முதல் வருஷம். உன்னை அனுப்பமாட்டார்கள், கொஞ்சநாள் ஸ்டோர்ஸில் வைத்துவிட்டுத் திரும்ப எடுப்பார்கள் என்று நினைத்தேன். இது பாதிதான் உண்மை. அவனை அனுப்பிவிட்டால் அவன் ஊரைவிட்டுப் போவான், நீ அந்த வெறுப்பில் வரமாட்டாய், ஆட்டம் நின்றுபோகும் என்றும் நினைத்தேன். கும்பகோணத்திலிருந்து வந்து இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான். நீங்கள் இரண்டு பேரும் தொடர்ந்து வந்தீர்கள். நான் செய்தது சரிதான் என்று வாராவாரம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நீ கேட்ட வாக்கியம் இதோ எழுத்தில் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் கேட்காதே. ஆனாலும் விதிப்படி மந்திரத்தை மறுக்க எனக்கு உரிமை இல்லை. தோலேடு ஏற்கப்பட்டது. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பயன்படுத்துவது உன் விருப்பம்.

சந்தானம்


போவன்பள்ளி
2.3.2005

சந்தானம்,

சனிக்கிழமை நான் வந்தது உன் முகத்தைப் பார்க்க. ஒன்றுமே நடக்காதவன்போல வாசலில் நின்று "வா வா, டிராபிக்கா?" என்றாய். மேத்யூவாவது ஐந்து வருஷம் தலை குனிந்து உட்கார்ந்தான். நீ ஆறு வருஷம் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாய். சர்க்கரை போதுமா என்று கேட்டாய். அந்தத் தேநீரையெல்லாம் இப்போது நினைத்தால் தொண்டைவரை வருகிறது.

அன்றைக்கும் தேநீர் எடுத்துவர உள்ளே போனாய். இர்பான் பால்கனியில் போன் பேசிக்கொண்டிருந்தான். அப்போது நடந்தது உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தோலேடு சட்டைப் பையில் இருந்தது. பகடை கையில். ஷெர்லி அப்பாவின் தாளை மேசையில் விரித்து, ஓரம் மடங்காமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், ஒண்ணு கேக்கணும். நான் படிச்சிட்டிருந்தப்ப டாடி சனிக்கிழமை மட்டும் ஏன் வீட்டுக்கு லேட்டா வருவாங்க? ஆட்டம் மூணு மணிக்குன்னு சந்தானம் அங்கிள் சொல்றாங்க. டாடி ஃபாக்டரியை விட்டுக் கிளம்பறதே அஞ்சுக்குன்னு சொல்வாங்க. வேற எங்கயோ போறாங்கன்னு மம்மி வாராவாரம் சண்டை."

"ஃபாக்டரியிலதான் இருந்தாரு. என் வேலையையும் சேர்த்து அவர்தான் பார்ப்பாரு" என்றேன்.

"ஹவ், அப்படியா? இதைச் சொல்லியிருந்தா மம்மி சும்மா இருந்திருப்பாங்களே. ஏன் சொல்லல?"

என் வாயிலிருந்து வந்ததை நானே அப்போதுதான் கேட்டேன். அந்தச் சோதனைக்கு இரண்டு ஆள் வேண்டும், சந்தானம். ஒருவன் பம்பில், ஒருவன் வால்வில். நான் போய்விட்டால் சோதனை நடக்க வழியே இல்லை. வெறும் தாளில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அது எனக்குத் தெரியும். அவன் எப்படி நிரப்பினான் என்று ஒருநாளும் கேட்காததும் அதனால்தான். ஆறு வருஷமாக அவன் வாயைப் பிளந்து பார்க்க ஆசைப்பட்டேன், என் வாயில் இது இருந்தது.

நீ தேநீரோடு வந்தாய். நான் அமலனைச் சாதாரணமாக எழுப்பினேன். பகடை விழுந்தது, அவன் எழுந்தான், எல்லாரும் கைதட்டினார்கள். மனமிரங்கினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பெண்ணின் வாயிலிருந்து பிடுங்க எனக்கு எதுவும் மிச்சமில்லை.

கிளம்பும்போது லிஃப்ட் வாசலில் அவளிடம் என் பங்கைச் சொன்னேன். நான் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டேன், உன் அப்பா சோதிக்காமலே எண்களை நிரப்பினார், இரண்டு பேருக்கும் தெரியும், அப்படிப் போன ஒரு வால்வு வெடித்து ஒரு ஆளுக்குக் கை வெந்தது என்றேன். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். லிஃப்ட் இரண்டு முறை வந்து போயிற்று. அப்புறம் கேட்டாள்: "கை வெந்துச்சே, அந்த ஆள் இப்ப எப்படி இருக்காங்க, அங்கிள்?"

எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. உனக்கும் தெரியாது. மேத்யூவுக்குத் தெரிந்திருந்தால் அது அவனோடு போயிற்று. மூன்று பேர் ஒரு காகித உலகத்தில் செத்தவர்களை எழுப்பி, உருமாற்றி, விலை போட்டு, விதி எழுதிக்கொண்டிருந்தோம். உயிரோடு இருக்கிற ஒருவனின் கையைப் பற்றி நாம் ஒரு வரி பேசியதில்லை.

உன் பங்கை அவளிடம் நான் சொல்லவில்லை. அது உன்னுடையது, நீதான் சொல்ல வேண்டும். நடத்துநராக இல்லாமல், சந்தானமாக. சொன்ன பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

சாம்பலானின் பாத்திரத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். செத்தவர்களுடைய தாள்போல உறையில் போட்டு வைக்காதே. கிழித்துப் போடு.

கிதியோன்


மாதாப்பூர்
18.6.2005

அன்பு நண்பன் கிதியோனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன்னிடமிருந்து கடிதமே இல்லை. வெயில் ஒருவழியாக அடங்கி நேற்று நல்ல மழை. வீட்டு முன்னால் தோண்டிப் போட்ட குழியெல்லாம் குளமாகிவிட்டது, கம்பெனி பஸ் வரவில்லை. ஜெயசுந்தரிக்கு முட்டி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் ஜலஜா வாங்கி அனுப்புகிறேன் என்கிறாள்.

உன் தாளைக் கிழிக்க மனம் வரவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். கோபம் தணிந்து வருவாய் என்று எனக்குத் தெரியும். வராவிட்டாலும் மந்திரங்களையாவது எழுதி அனுப்பு. உருமாற்று மந்திரத்தில் உன் கைக்கு இணையாக இங்கே யாருக்கும் வராது. என் ஆபீஸ் பெண் ப்ரியா ஒன்று எழுதினாள், பிணம் வண்ணத்துப்பூச்சி ஆகிறதாம்.

நீ எழுதியிருந்த அந்த விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்னப் பெண், அவள் மனம் நோகாமல் சொல்ல வேண்டும் இல்லையா. அப்புறம் ப்ரியாவுக்குப் பெங்களூருக்கு மாற்றலாகி அந்த வாரமெல்லாம் ஒரே அலைச்சல்.

ஷெர்லியும் மூன்று வாரமாக வருவதில்லை. போன் செய்தேன். சனிக்கிழமைகளில் பட்டான்செருவு பக்கம் போகிறேன், கிதியோன் அங்கிளும் கூட வருகிறார் என்றாள். அங்கே ஒரு வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டீர்களாம், அந்த வீட்டு அம்மா உங்களை முதல் நாள் வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டினாராம், இரண்டாம் வாரம் உள்ளே கூப்பிட்டாராம். யார், என்ன என்று கேட்டேன், "கிதியோன் அங்கிளைக் கேளுங்க" என்று வைத்துவிட்டாள். சர்ச் சம்பந்தப்பட்ட ஊழியமா? எதுவானாலும் நல்லதுதான். எனக்கும் ஒரு வரி எழுதலாமே.

போன சனிக்கிழமை நானும் இர்பானும் மட்டும்தான். இரண்டு பேரை வைத்துக்கொண்டு எதை ஆடுவது? பகடையை எடுத்து மேசையில் வைத்தேன், கொஞ்ச நேரம் கிரிக்கெட் பேசினோம். ஐந்து மணிக்கு அவனும் கிளம்பிவிட்டான்.

பதிலை எதிர்பார்த்து,
சந்தானம்